மழைக்கு முன் கதவைப் பாருங்கள்: திறந்த கூரை ஹெரால்டின் கண்ணாடி இடுக்கு

சென்னையில் திறந்த கூரை ஹெரால்டு வைத்திருப்பவர்களிடம் ஐப்பசி பிறந்தால் ஒரே புகார்தான். கண்ணாடியை முழுக்க ஏற்றிய பிறகும் மேல் மூலையில் இடுக்குத் தெரிகிறது, அந்த வழியாகத் தண்ணீர் மடியில் சொட்டுகிறது. இதற்கு ஊரில் மூன்று வைத்தியங்கள் வழக்கில் இருக்கின்றன. ஜி.பி. ரோட்டில் மீட்டர் கணக்கில் விற்கும் தடித்த ரப்பர் பீடிங்கை வாங்கி ஒட்டுவார்கள். இல்லையென்றால் சிலிக்கான் பசையை இழுத்துவிடுவார்கள். கையில் காசும் மனதில் பொறுமையும் உள்ளவர்கள் இங்கிலாந்திலிருந்து அசல் அளவு ரப்பர் செட்டையே வரவழைப்பார்கள். மயிலாப்பூர், ராயப்பேட்டைப் பட்டறைகளில் மூன்றையும் பார்த்திருக்கிறேன். மூன்றும் அடுத்த மழைக்குத் திரும்பி வந்ததையும் பார்த்திருக்கிறேன். மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒரே அனுமானம்: கோளாறு ரப்பரில் இருக்கிறது என்பது. அந்த அனுமானம் சரிதானா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

அதற்கு ஹெரால்டு எப்படிப் பிறந்தது என்று தெரிய வேண்டும். இங்கிலாந்தின் கவென்ட்ரியிலிருந்த ஸ்டாண்டர்டு-டிரையம்ப் நிறுவனம் 1959இல் வெளியிட்ட கார் இது. வடிவம் தந்தவர் இத்தாலியரான ஜியோவானி மிக்கெலோட்டி. கார் உலகம் அப்போது தனி சேசிஸைக் கைவிட்டு, உடலையே சட்டமாக்கும் முறைக்கு மாறிக்கொண்டிருந்தது. ஸ்டாண்டர்டால் அப்படி மாற முடியவில்லை. அவர்களுக்குக் கார் உடல் செய்து தந்துவந்த ஃபிஷர் அண்ட் லட்லோ நிறுவனத்தைப் போட்டியாளரான பி.எம்.சி. 1953இல் வாங்கிவிட்டது. முழு உடலையும் ஒரே துண்டாக அடித்துத் தர ஆள் இல்லாததால், சிறு சிறு பகுதிகளாகப் பல இடங்களில் செய்து, தனி சேசிஸின் மேல் வைத்து போல்ட் போட்டு இணைத்தார்கள். முன்பாகம் தனி, பின்பாகம் தனி, கூரை தனி. இந்த ஏற்பாட்டால்தான் சலூனுக்கும் கூப்பேக்கும், 1960இல் வந்த திறந்த கூரை வண்டிக்கும் ஒரே கதவு பொருந்தியது. எந்தக் கூரைக்கும் பொருந்த வேண்டிய கதவு என்பதால் கண்ணாடிக்கு மேலே சட்டமும் கிடையாது. கண்ணாடி தானாக மேலே எழுந்து, கூரை ஓரத்து ரப்பரைத் தொட்டு நிற்க வேண்டும். அது எங்கே போய்த் தொடுகிறது என்பதைக் கதவு தீர்மானிக்கிறது. கதவு எங்கே நிற்கிறது என்பதைத் தூண் தீர்மானிக்கிறது. தூணைத் தாங்குவது போல்ட் போட்ட உடல், அதையும் தாங்குவது சேசிஸ். கடைசியில் வரும் ரப்பருக்கு இந்த வரிசையில் தீர்மானிக்கும் அதிகாரம் எதுவும் இல்லை.

நம் ஊரில் இந்தக் கார் 1961இல் வந்தது. வண்டலூர்ப் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா, 948 சிசி இன்ஜினோடு இதை ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்று விற்றது. நான்கு கதவு வைத்த ஹெரால்டு உலகத்திலேயே இங்கேதான் செய்யப்பட்டது. பிறகு அதையே மாற்றி கெசல் என்று கொண்டுவந்தார்கள். 1985இல் வந்த ஸ்டாண்டர்டு 2000 தோற்று, 1988இல் தொழிற்சாலை மூடிக்கிடந்தது. அதற்குப் பிறகு இந்த வண்டிக்கு உதிரி பாகம் தர நிறுவனம் என்று ஒன்று இல்லை. புதுப்பேட்டையில் கிடைப்பது, ஜி.பி. ரோட்டில் பொருந்துவது, வெளிநாட்டிலிருந்து வருவது, இவற்றை வைத்துத்தான் மீதி இருக்கும் வண்டிகள் ஓடுகின்றன. மாட வீதிகளில் ஒரே வளைப்பில் திரும்பிவிடும் கார் இது. 25 அடி வட்டத்துக்குள் சுற்றும் சக்கரங்கள் இன்றைய சின்னக் கார்களையும் வெட்கப்பட வைக்கும். வைத்திருப்பவர்கள் விடாமல் பிடித்திருப்பதற்குக் காரணம் இருக்கிறது.

கூரை போல்ட்டில் நிற்கிறது என்பதே இங்கே ஒரு சோதனையும் ஆனது. சலூனாகப் பிறந்து, பின்னால் கூரை கழற்றப்பட்டு, குஷன் கடையில் துணிக்கூரை தைக்கப்பட்ட ஹெரால்டுகள் நம் ஊரில் உண்டு. இரண்டு கதவு வண்டியில் இதைச் செய்தால் ஓரளவு தாங்கும். நான்கு கதவு வண்டியில் செய்தால் நடுத்தூண் மேலே பிடிமானம் இல்லாமல் தனியே நின்று ஆடும். அதன் கண்ணாடி இடுக்கை எந்த ரப்பராலும் அடைக்க முடியாது. அப்படிக் கூரை கழற்றிய வண்டியை வாங்க நினைப்பவர்களுக்கு என் பதில் ஒன்றுதான்: வாங்காதீர்கள்.

இடுக்கு எங்கே விழுகிறது என்று கவனித்தால் பாதி நோய் தெரிந்துவிடும். கதவின் பின் ஓரத்தில், மேலே நெருக்கமாகவும் கீழே அகலமாகவும் சந்து இருந்தால், சேசிஸ் நடுவில் தொய்ந்திருக்கிறது. முன் தூணும் பின் தூணும் மேல்நுனியில் ஒன்றையொன்று நோக்கிச் சாய்ந்திருக்கின்றன. ஹெரால்டில் உடலைத் தாங்கப் பக்கவாட்டில் நீளும் கைகள் சேசிஸில் உண்டு. துரு முதலில் தின்பது அவற்றைத்தான். சந்து சீராகவே இருந்து, கதவு மட்டும் பின்பக்கம் இறங்கி, லாக்கைக் கீழிருந்து மேலே ஏற்றித்தான் சாத்த முடிகிறது என்றால் கீல் தேய்ந்திருக்கிறது; அப்போது கண்ணாடியின் பின் மேல்மூலையில் முக்கோணமாக வெளிச்சம் தெரியும். மேல் ஓரம் நெடுக ஒரே அளவாக இடுக்கு இருந்தால் கண்ணாடி முழுக்க ஏறவில்லை. கண்ணாடியை ஏற்றி இறக்கும் ரெகுலேட்டர் தேய்ந்திருக்கலாம், கண்ணாடி தன் அடிப் பிடியிலிருந்து நழுவியிருக்கலாம். முன் மூலையில் மட்டும் இடுக்கு என்றால் குற்றவாளி கூரைத் துணி. நிற்கும்போது சரியாக இருந்து, ஈ.சி.ஆரில் வேகம் எடுத்ததும் சீறல் கேட்டால், கண்ணாடியின் மேல்விளிம்பு உள்நோக்கிச் சாய்ந்து ரப்பரை அழுத்தவில்லை. வேகத்தில் வெளியே காற்றழுத்தம் குறையும், சட்டமில்லாத கண்ணாடியை அது வெளியே உறிஞ்சும். அதை எதிர்பார்த்துத்தான் கண்ணாடியைச் சில மில்லிமீட்டர் உள்பக்கம் சாய்த்து வைக்க வேண்டியிருக்கிறது.

இத்தனை காரணங்களில் ரப்பர் முதல் குற்றவாளியாக வரும் இடம் எது? ரப்பர் வெடித்து, கல்லாக இறுகி, அழுத்தினால் திரும்பி எழாமல் கிடக்கும்போது மட்டும். அதுவும் நம் ஊரில் நிறையவே நடக்கிறது என்பதை மறுக்கவில்லை. மற்ற ஐந்து இடங்களிலும் ரப்பர் சாட்சி மட்டுமே.

இதை உறுதிசெய்யப் பெரிய கருவி வேண்டாம். ஒரு பேப்பர் துண்டைக் கண்ணாடிக்கும் ரப்பருக்கும் நடுவில் வைத்துக் கதவைச் சாத்தி மெல்ல இழுங்கள். லேசான பிடிப்போடு வர வேண்டும். வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் தொடுகை இல்லை, கிழிந்தால் அழுத்தம் மிகை. ஒவ்வொரு விரற்கடைக்கும் ஒருமுறை இப்படிச் சோதித்து, சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ரப்பரில் சாக்பீஸ் தேய்த்துக் கதவைச் சாத்தித் திறந்தால், கண்ணாடியில் பதிந்த கோடு எங்கே அறுகிறது என்பது மீதியைச் சொல்லும். தண்ணீர்ச் சோதனை அதற்கும் பிறகுதான், அதையும் கீழிருந்து தொடங்கி மேலே போக வேண்டும். எடுத்த எடுப்பில் மேலிருந்து ஹோஸைப் பிடித்தால் எல்லா இடமும் நனைந்து, எது ஓட்டை என்றே தெரியாது.

இனி மூன்று வைத்தியங்களை ஒவ்வொன்றாக எடுக்கிறேன்.

தடித்த பீடிங்குக்குச் சாதகமாகச் சொல்ல உண்மையாகவே ஒன்று இருக்கிறது. அது மலிவு, அன்றே கிடைக்கும், அன்றைய மழையை நிறுத்தும். அடைமழை நேரத்தில் வண்டியை வெளியே எடுத்தே ஆக வேண்டியவரை அதற்காகக் குறை சொல்ல முடியாது. ஆனால் தடித்த ரப்பர் ஒரு நெம்புகோலாகவும் வேலை செய்கிறது. இடுக்கு இருந்த மூலையில் அது சரியாக உட்காரும். இடுக்கு இல்லாத மற்ற இடமெல்லாம் கதவை வெளியே தள்ளும். கதவைச் சாத்த ஓங்கி அடிக்க வேண்டிவரும். ஏற்கெனவே தேய்ந்த கீல் இன்னும் தேயும், லாக் தளரும், சட்டமில்லாத கண்ணாடி விளிம்பில் சில்லுப் பெயரும். ஒரு வருடத்தில் கதவு இன்னும் இறங்கியிருக்கும், இன்னும் தடித்த பீடிங் தேவைப்படும். நோயை வளர்க்கும் மருந்து இது.

இதிலும் எந்தப் பொருளில் செய்த ரப்பர் என்பது பெரிய வேறுபாடு. இயற்கை ரப்பரின் மூலக்கூறுச் சங்கிலியில் இரட்டைப் பிணைப்புகள் உண்டு. காற்றிலுள்ள ஓசோன் அவற்றைத் தாக்கி அறுக்கும். இழுபட்டு நிற்கும் ரப்பரில்தான் அந்த வெடிப்புகள் வேகமாகப் பரவும். ஈ.பி.டி.எம். எனும் செயற்கை ரப்பரின் முதுகெலும்பில் அந்த இரட்டைப் பிணைப்பு இல்லை. சித்திரை வெயிலையும் ஓசோனையும் அது பல வருடம் தாங்கும். கடையில் இரண்டும் கறுப்பாகத்தான் இருக்கும், வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது. கேட்டு வாங்க வேண்டும், சொல்லத் தெரியாத கடையில் வாங்கக் கூடாது. ஈ.பி.டி.எம்.முக்கு ஒரு பலவீனம் உண்டு: பெட்ரோலும் மினரல் ஆயிலும் ஆகாது. பட்டறையில் பீடிங் வழவழப்பாக இருக்கட்டும் என்று கிரீஸ் தடவுவதைப் பார்க்கிறேன். ரப்பர் ஊதிப் பிதுங்கி அதன் பள்ளத்திலிருந்து வெளியே வந்துவிடும். சிலிக்கான் ஆயில் தடவலாம், ஒன்றும் இல்லையென்றால் முகத்துக்குப் பூசும் டால்கம் பவுடர் போதும்.

சிலிக்கான் பசைக்குச் சாதகமாக எனக்கு எதுவும் கிடைக்கவில்லை. ஆடாத கண்ணாடிக்கு, அதாவது முன் கண்ணாடிச் சட்டத்துக்கு, பொருத்தமான பசை வேண்டும். அது வேறு வேலை. ஏறி இறங்கும் கண்ணாடியின் ஓரத்தில் பசையை இழுப்பது கதவைத் திறக்க முடியாத சுவராக்குவது. அதோடு, உலரும்போது வினிகர் வாடை வீசும் சிலிக்கான் வகை அசிட்டிக் அமிலத்தை விடுகிறது. பெயிண்ட் பெயர்ந்த இரும்பில் அது பட்டால் அங்கேயே துரு தொடங்கும். அடையாறிலும் பெசன்ட் நகரிலும் உப்புக் காற்று ஏற்கெனவே அந்த வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. பசை காய்ந்த இடத்தில் மறுபடி பெயிண்ட்டும் ஒட்டாது. நல்ல டிங்கரைக் கேட்டுப் பாருங்கள், சிலிக்கான் போட்ட கதவைச் சுத்தம் செய்வதற்குத் தனிக் கூலி சொல்வார்.

மூன்றாவது வைத்தியம், வரவழைத்த ரப்பர் செட், மரியாதைக்குரியது. அதனாலேயே அதைக் கூடுதல் கடுமையோடு எடைபோட வேண்டும். அந்த ரப்பரின் குறுக்குவெட்டு, தொழிற்சாலையில் கதவு எங்கே நின்றதோ அந்த நிலைக்கு அளவெடுத்தது. நம் வண்டிகளோ அறுபது வருடத்தில் பல தடவை பட்டி பூசி, பெயிண்ட் அடித்து, பின்பாகம் கழற்றி மாட்டப்பட்டவை. உடலுக்கும் சேசிஸுக்கும் நடுவே இருக்க வேண்டிய வாஷர்களும் பேடுகளும் கழற்றிய ஒவ்வொரு முறையும் சிலவாகக் குறைந்திருக்கும். கதவு ஓரத்தில் பட்டி ஏறி, சந்தே குறுகியிருக்கும். அப்படிப்பட்ட வண்டியில் அசல் ரப்பரைப் பொருத்தினால், ஒரு பக்கம் கதவு சாத்தாது, மறுபக்கம் வெளிச்சம் தெரியும். அசல் வாங்கியும் ஆகவில்லையே என்று உரிமையாளர் மனம் உடைந்துபோவார். ரப்பர் மேல் தப்பில்லை. சரியான வரிசையில் கடைசியாக வந்திருந்தால் அதுவே மிகச் சிறந்த தேர்வு.

இது பட்டறைக்காரர்களுக்குத் தெரியாத விஷயமில்லை. ராயப்பேட்டையில் ஒரு பட்டறையில் நடந்த பேச்சு இது.

“பீடிங் போட்டுடலாம் சார். ஒரு மணி நேர வேலை.”

“கதவே இறங்கியிருக்கே, மாஸ்டர்?”

“தெரியுது சார். கதவைத் தூக்கி, கீல் புஷ் அடிச்சு, வாஷர் வச்சு செட் பண்ணணும்னா ரெண்டு மூணு நாள் ஆகும். பார்ட்ஸ் பில்லுக்குக் காசு குடுக்கறாங்க, அந்த மூணு நாளுக்கு யாரும் குடுக்கறதில்ல.”

அவர் சொன்னதில்தான் இந்தப் பிரச்சினையின் வேர் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் பொருளுக்குக் கேள்வி கேட்காமல் கொடுக்கும் நாம், கண்ணுக்குத் தெரியாத கை நேரத்துக்குப் பேரம் பேசுகிறோம். கதவைச் சீராக்கும் வேலையில் புதிதாக மாட்டப்படும் பொருள் கீல் புஷ்களும் ஒரு கைப்பிடி அளவு வாஷர்களும் மட்டுமே. அதற்கு மூன்று நாள் கூலி கேட்டால் ஏமாற்றுகிறார் என்று நினைக்கிறோம். அந்த நினைப்பு மாறாதவரை நல்ல கைவேலைக்காரர்களும் பீடிங் ஒட்டிக்கொண்டுதான் இருப்பார்கள்.

கூரைத் துணியைத் தனியாகச் சொல்ல வேண்டும். வினைல் துணி வெயிலில் தன் மென்மையை இழந்து வருடத்துக்கு வருடம் சுருங்கும். மடித்தே வைத்திருந்தால் இன்னும் சுருங்கும். சுருங்கிய கூரை முன் கண்ணாடிச் சட்டத்தை எட்ட மறுக்கும். வலிந்து இழுத்துப் பூட்டினால் ஓரங்கள் மேலே தூக்கி, கதவுக் கண்ணாடியின் முன் மூலையில் இடுக்கு விழும். காலை வெயிலில் இரண்டு மணி நேரம் கூரையை ஏற்றி வைத்தாலே துணி தளர்ந்து சரியாகும் வண்டிகள் உண்டு. புதிதாகத் தைப்பதானால் கதவும் கண்ணாடியும் முடிவாகச் சரியான இடத்தில் நின்ற பிறகு, கண்ணாடிகளை முழுக்க ஏற்றி வைத்து, வண்டி மேலேயே அளவெடுத்து வெட்டச் சொல்ல வேண்டும். பழைய துணியை விரித்து அதன் மேல் வைத்து வெட்டும் குஷன் கடை, பழைய சுருக்கத்தையும் சேர்த்துத் தைத்துத் தரும்.

இதைவிட முக்கியமான ஒன்றைப் பலர் பேசுவதே இல்லை. கதவுக்குள் தண்ணீர் இறங்குவது கோளாறு கிடையாது. ஏறி இறங்கும் கண்ணாடியை வைத்த எந்தக் காரும், இடுப்பு உயரத்து ஸ்டிரிப்பைத் தாண்டிக் கொஞ்சம் தண்ணீரை உள்ளே விடும். அதற்காகத்தான் கதவின் அடியில் வடிகால் துளைகள் இருக்கின்றன. கதவுப் பலகைக்குப் பின்னால் பாலித்தீன் ஷீட் இருக்க வேண்டியதும் அதற்காகத்தான். நம் ஊரில் பெயிண்ட் அடிக்கும்போது பட்டியால் துளைகள் அடைபடுகின்றன. ஸ்பீக்கர் மாட்டியவர் ஷீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டுப் போய்விடுகிறார். பிறகு கதவுக்குள் தண்ணீர் தேங்கி அடித்தகடு அரிக்கும், கார்ப்பெட்டுக்கு அடியில் ஊறி சேசிஸ் கைகள்வரை போகும். சேசிஸ் தொய்ந்தால் தூண் சாயும், தூண் சாய்ந்தால் கண்ணாடி இடுக்கு பெருகும். மேலே அடைத்துவிட்டுக் கீழே வழியை மூடினால், அடைத்த இடுக்கை நாமே திரும்பத் திறக்கிறோம். 2015 டிசம்பர் முதல் தேதி நுங்கம்பாக்கத்தில் ஒரே நாளில் 29 செ.மீ. மழை கொட்டியது. அப்படிப்பட்ட மழையை எந்த ரப்பரும் முழுக்க நிறுத்தாது. உள்ளே வந்தது வெளியே போய்விட்டால் மறுநாள் வெயிலில் வண்டி காய்ந்துவிடும். ஆகவே நான் ஒரு ஹெரால்டை மதிப்பிட்டால், சீட்டில் விழுந்த சொட்டைவிடக் கதவடியில் நிற்கும் தண்ணீருக்குத்தான் அதிக மதிப்பெண் குறைப்பேன்.

“வண்டி ஞாயிற்றுக்கிழமை மட்டும்தானே வெளியே வருகிறது, நல்ல கவர் போட்டு நிறுத்தினால் போதாதா?” என்று கேட்பவர்கள் உண்டு. காற்றோட்டமுள்ள கூரைக்கடியில் நிறுத்தினால் போதும், அதை ஒப்புக்கொள்கிறேன். அபார்ட்மெண்ட் வெளிவாசலில், காற்றுப் புகாத கவருக்குள் ஈர வண்டியை மூடி வைத்தால், சென்னையின் புழுக்கம் உள்ளேயே நின்று பூஞ்சையும் துருவும் சேர்ந்து வளரும். கவர் காய்ந்த வண்டிக்கு மட்டும்தான்.

“அசல் நிலையைக் கெடுக்காதே” என்று வாதிடுகிறவர்களுக்குச் சட்டத்தின் துணையும் இருக்கிறது. 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் வந்த திருத்தம், முதல் பதிவிலிருந்து ஐம்பது வருடம் கடந்து, அசல் வடிவில் காக்கப்பட்ட வண்டிகளுக்கு ‘விஏ’ எழுத்துள்ள தனிப் பதிவு எண் தருகிறது. புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும், மறுபதிவுக்கு 5,000. சேசிஸிலும் உடலிலும் இன்ஜினிலும் பெரிய மாற்றம் செய்யப்பட்டிருக்கக் கூடாது என்பது நிபந்தனை. கூரை கழற்றிய சலூன் இந்தப் படியிலேயே இடறும். கதவு நிமிர்த்துவதும் ரப்பர் மாற்றுவதும் பராமரிப்பு. அதற்காக யாரும் பயப்பட வேண்டாம். ஆனால் இடுக்கை மறைக்கத் தூணில் தகடு வெல்டிங் செய்து உயர்த்துவதையும், கண்ணாடிச் சட்டத்தை வெட்டி மாற்றுவதையும் நான் இரண்டு காரணங்களுக்காக எதிர்க்கிறேன். ஒன்று, வண்டியின் அசல் தன்மை போகும். மற்றொன்று, அது அளவுகோலையே திருத்தும் வேலை. அதற்குப் பிறகு எந்த அசல் பாகமும் அந்த வண்டியில் உட்காராது.

என் தீர்ப்பு வேலையின் வரிசையைப் பற்றியது. முதலில் சேசிஸ் கைகளும் உடல் பேடுகளும். அங்கே துரு இருந்தால் மற்றது எல்லாம் நிற்கட்டும். அடுத்து கீல், லாக், கதவின் நிலை. மூன்றாவது ரெகுலேட்டர், கண்ணாடி ஓடும் ரன் சேனல், கண்ணாடியின் உயரமும் உள்சாய்வும். நான்காவது கூரைத் துணி. வடிகால் துளைகளை இவற்றில் எந்தக் கட்டத்திலும் குச்சி விட்டுப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். கடைசியில் ரப்பர், அதுவும் ஈ.பி.டி.எம்., அசல் குறுக்குவெட்டில். வரவழைத்தாலும் சரி, இங்கே செய்தாலும் சரி. அவசரத்துக்கு ஜி.பி. ரோட்டுப் பீடிங் போட்டவர்கள் தை பிறந்ததும் அதை எடுத்துவிட வேண்டும். ஏறி இறங்கும் கண்ணாடியில் சிலிக்கான் பசை எந்தச் சூழ்நிலையிலும் கூடாது.

இங்கே செய்வது பற்றி ஒரு வேண்டுகோள். நீளமாக இழுத்து எடுக்கும் ரப்பர் பட்டைக்கு வேண்டியது ஒரு தகட்டு அச்சு மட்டுமே. அம்பத்தூரிலும் கிண்டியிலும் ரப்பர்த் தொழில் செய்யும் பட்டறைகள் இருக்கின்றன. அவர்கள் தயங்குவது குறைந்த அளவு ஆர்டருக்காக. ஒரு வண்டிக்கு வேண்டிய பட்டை அவர்களுக்குக் கட்டுப்படியாகாது, பத்து வண்டிக்கு ஆகும். சென்னையில் பழைய கார் வைத்திருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் சந்திக்கிறார்கள், ஊர்வலம் போகிறார்கள். அடுத்த சந்திப்புக்கு வரும்போது ஒவ்வொருவரும் வெடிக்காமல் மீந்திருக்கும் அசல் ரப்பரில் ஒரு விரல் நீளம் வெட்டிக் கொண்டுவாருங்கள். நல்ல துண்டைத் தேர்ந்து, அச்சுக்கும் பட்டைக்கும் சேர்ந்து பணம் போடுங்கள். ஆவணிக்குள் பட்டை கைக்கு வந்தால், புரட்டாசி முழுக்கக் கதவை நிமிர்த்த நேரம் இருக்கும். அந்த நேரத்துக்குரிய கூலியையும் மாஸ்டருக்குப் பேரம் பேசாமல் கொடுங்கள்.